காமா கதிர் வெடிப்புக்குள் மேக்னடார் இருக்கிறதா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

இந்த வேலைக்கு வேண்டியது இணைய இணைப்பு, ஒரு எக்செல் தாள், மடக்கை என்றால் என்ன என்று பள்ளியில் படித்த ஞாபகம், ஒரு மாலைப் பொழுது. அவ்வளவுதான். தொலைநோக்கி வேண்டாம். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்த ஒரு காமா கதிர் வெடிப்பின், அதாவது விண்வெளியின் ஆழத்திலிருந்து கொஞ்ச நேரம் பாய்ந்து வரும் காமா கதிர்ப் பேரொளியின், நடுவில் உட்கார்ந்திருந்தது கருந்துளையா, இல்லை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழன்ற ஒரு மேக்னடாரா (அசாத்தியமான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அதாவது விண்மீன் இடிந்த பின் மிஞ்சும் இறுகிய உருண்டை) என்பதை எப்படி எடைபோடுவது என்று இங்கே ஒரு உண்மையான வெடிப்பை வைத்தே காட்டுகிறேன். ஜிஆர்பி 070110 என்பது அதன் பெயர் (ஜிஆர்பி என்பது காமா கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம்), அதாவது 2007 ஜனவரி 10 அன்று பிடிபட்டது. மேக்னடார் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வெடிப்புக்குத் திரும்பி வருவார்கள், ஏன் என்று வளைவைப் பார்த்ததும் உங்களுக்கே புரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "மேக்னடார்", "காமா கதிர் வெடிப்பு" இரண்டும் சேர்ந்து வரும் செய்திகள் இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே பிறந்து ஆயிரக்கணக்கான ஆண்டு ஆன மேக்னடார் திடீரென்று பெரிதாக வெடித்துக் கதிர் கக்குவது. 2004 டிசம்பர் 27 அன்று நம் பால்வீதியிலேயே இருக்கும் எஸ்ஜிஆர் 1806-20 அப்படி வெடித்தபோது பூமியின் அயனி மண்டலமே கலங்கியது. 2020 ஏப்ரல் 15 அன்று என்ஜிசி 253 என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த ஜிஆர்பி 200415A கூட இந்த வகைதான், குறுகிய, அதாவது இரண்டு நொடிக்கும் குறைவாக நீடிக்கும், காமா கதிர் வெடிப்பு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. இதில் வெளிவரும் ஆற்றல் 10⁴⁶ எர்க் அளவு (எர்க் என்பது ஆற்றலின் அலகு, ஒரு கோடி எர்க் சேர்ந்தால் ஒரு ஜூல்). நாம் தேடுவது இதை அல்ல. நாம் தேடுவது இரண்டாவது வகை: ஒரு பெரிய விண்மீன் இடிந்து விழும்போதோ இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போதோ அந்த நிமிடத்தில் பிறக்கும் பச்சிளம் மேக்னடார், தன் சுழற்சியையே எரிபொருளாக்கி வெடிப்பை நடத்துவது. இந்த யோசனையை 1992-ல் விளாதிமிர் உசோவ் முன்வைத்தார். அதே ஆண்டில்தான் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டஃபர் தாம்ப்சனும் மேக்னடார் என்ற பெயரையே வைத்தார்கள்.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு மற்றதெல்லாம் சுலபம். நியூட்ரான் விண்மீனின் ஆரம் சுமார் 10 கிலோமீட்டர், நிறை சூரியனைப் போல 1.4 மடங்கு, நிலைமத் திருப்புத்திறன் 10⁴⁵ கிராம் செ.மீ. வர்க்கம். ஒரு மில்லிநொடிக்கு ஒரு சுற்று என்றால் கோண வேகம் நொடிக்கு 6,283 ரேடியன். பாதி பெருக்கல் திருப்புத்திறன் பெருக்கல் கோண வேகத்தின் வர்க்கம், பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம். விடை 2 × 10⁵² எர்க். நம் சூரியன் இப்போதைய பிரகாசத்திலேயே ஆயிரம் கோடி ஆண்டு எரிந்தாலும் கொடுப்பது சுமார் 1.2 × 10⁵¹ எர்க்தான், ஆக ஒரு சென்னைப் பெருநகர அளவுகூட இல்லாத ஒரு உருண்டை சுழல்வதிலேயே பதினாறு சூரிய ஆயுள்கள் அடங்கியிருக்கின்றன. இதுதான் கஜானா. காந்தப்புலம் ஆற்றலைக் கொடுப்பதில்லை, அது கஜானாவின் குழாய். புலம் 10¹⁵ காஸ் இருந்தால் குழாய் முழுதாகத் திறந்து மொத்தக் கஜானாவும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் காலி. சாதாரண பல்சாரின் (துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசிச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) 10¹² காஸ் புலம் இருந்தால் அதே ஆற்றல் வடிய பல பத்து ஆண்டுகள் ஆகும், வெடிப்பு என்று எதையும் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ எந்திரத்தில் இருப்பது 30,000 காஸ் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் அளவு பிடிபடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

வளைவை எடுப்பது

ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்டது. அதன் பெரிய பலம் வேகம். காமா கதிர் கண்ணில் பட்டதும் தானாகவே திரும்பி ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்-கதிர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் காட்டிவிடும். அப்படிக் கிடைத்த எக்ஸ்-கதிர் ஒளி வளைவுகளை எல்லாம் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஸ்விஃப்ட் தரவு மையம் பொதுவில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தத் தளத்தில் வெடிப்பின் எண்ணைத் தேடினால் வரைபடமும் வரும், அதன் பின்னால் இருக்கும் எண் கோப்பும் வரும். வரைபடத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள், எண் கோப்பையும் இறக்குங்கள். அதில் ஒவ்வொரு வரியிலும் வெடிப்பு தொடங்கியதிலிருந்து எத்தனை நொடி, அந்த நேரத்தின் முன்பின் அகலம், பாயம், அதன் பிழை என்று இருக்கும். பாயம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு நொடியில் வந்து விழும் ஆற்றல். 0.3 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எக்ஸ்-கதிருக்கான பாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் எண்ணிக்கை வீதத்தை அல்ல.

எக்செலில் ஒட்டி, இரண்டு அச்சையும் மடக்கை அளவுக்கு மாற்றிவிடுங்கள். இது கட்டாயம். சாதாரண அச்சில் போட்டால் முதல் நூறு நொடிக்குப் பிறகு எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்கும், எதுவும் தெரியாது. மடக்கை அச்சில் போட்டதும் படிக்கட்டு மாதிரி ஒரு உருவம் எழும்பும். முதலில் செங்குத்தான இறக்கம், காமா கதிர் வெடிப்பின் வால். அப்புறம் பல வெடிப்புகளில் கிட்டத்தட்ட படுத்த மாதிரி ஒரு பகுதி வரும், அதை நான் மேடை என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு நேரம் பத்து மடங்கானால் பிரகாசம் பதினைந்தில் ஒரு பங்காகும் அளவுக்கு நிதானமான சரிவு. கடைசியில் சிலவற்றில் இன்னும் கொஞ்சம் வேகமான சரிவு. ஸ்விஃப்ட் வந்து ஓராண்டுக்குள்ளேயே இந்த உருவம் திரும்பத் திரும்பத் தெரிந்தது, மேடை ஏன் வருகிறது என்ற கேள்வியும் அப்போதே பிறந்தது.

மேடைதான் மேக்னடாரின் ஆசை காட்டும் இடம். சுழலும் காந்தம் ஆற்றலை இழக்கும் வேகம் கோண வேகத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம்பத்தில் சுழற்சி பெரிதாகக் குறையாததால் வெளிச்சம் சமமாக இருக்கும். கஜானாவில் பாதி தீர்ந்ததும் சுழற்சி மெதுவாகி, அதன் பிறகு வெளிச்சம் நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். சமமாக ஒரு மேடை, பின்னர் சாய்வு 2 (வெளிச்சம் நேரத்தின் எத்தனையாவது அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறதோ அந்த எண்தான் சாய்வு). இவ்வளவு சுத்தமான முன்கணிப்பு இந்தத் துறையில் அபூர்வம். ஆனால் இங்கேதான் அவசரப்படக் கூடாது.

மேடையைப் பார்த்து மயங்காதீர்கள்

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: மேடை மட்டும் இருந்தால் அது மேக்னடாருக்குச் சாட்சி ஆகாது. வெறும் மேடையை வேறு பல வழிகளிலும் உண்டாக்க முடியும். கருந்துளைக்குள் மெதுவாக விழுந்துகொண்டே இருக்கும் மிச்சப் பொருள் ஆற்றலைத் தந்துகொண்டே இருக்கலாம். வெடிப்பு பீய்ச்சும் பொருளின் தாரை நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் இருந்து நாம் அதைச் சற்றே பக்கவாட்டில் பார்த்தாலும் மேடை மாதிரி தெரியும். மேடைக்குப் பிறகு நிதானமான சரிவு, சாய்வு ஒன்றேகால் பக்கம், வந்தால் இந்த விளக்கங்களில் எதையும் ஒதுக்க முடியாது.

பார்க்க வேண்டியது மேடையின் முடிவை. ஜிஆர்பி 070110 வளைவில் மேடை சுமார் 20,000 நொடி வரை, அதாவது ஐந்தரை மணி நேரம், கிட்டத்தட்ட மாறாமல் ஓடுகிறது. பிறகு விளக்கை அணைத்த மாதிரி விழுகிறது. அந்த விழுதலின் சாய்வு சுமார் 9. நேரம் கால் பங்கு கூடினாலே பிரகாசம் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும் வேகம் அது. இதை முதலில் விரிவாக எழுதியது எலியனோரா ட்ரோயாவும் அவருடன் வேலை செய்தவர்களும், 2007-ல். சாய்வு 9 ஏன் முக்கியம்? வெடிப்புத் தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதிக் கொடுக்கும் வெளிச்சம், நாம் பின்னொளி என்று சொல்வது, இவ்வளவு வேகமாக அணையவே முடியாது. தாரையின் முன்முகம் வளைந்த பரப்பு, அதன் ஓரங்களிலிருந்து வரும் ஒளி தாமதமாக வந்து சேரும், அதனால் நடுவில் இருந்து ஆற்றல் தரும் எந்திரம் (மேக்னடாரோ கருந்துளையோ) நின்றாலும் வெளிச்சம் ஒரு வேகத்துக்கு மேல் குறையாது. அந்த எல்லை பின்னொளிக்கு சாய்வு 3 பக்கம். 9 என்றால் வெளிச்சம் வாயு மோதலிலிருந்து வரவில்லை, எந்திரத்திலிருந்து நேராக வந்தது, எந்திரம் சட்டென்று நின்றது என்று அர்த்தம்.

இன்னொரு சாட்சியும் அதே வெடிப்பில் உண்டு. எக்ஸ்-கதிர் அப்படி விழுந்த நேரத்தில் கண்ணால் காணும் ஒளியின் வளைவு விழவில்லை, தன் பாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்-கதிரும் கட்புல ஒளியும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். வேறு வேறு இடம், எக்ஸ்-கதிர் மட்டும் உள்ளே இருக்கும் எந்திரத்தினுடையது. எனக்கு இந்த ஒரு ஒப்பீடு சாய்வு எண்ணைவிடவும் பலமான சாட்சியாகப் படுகிறது, ஆகவே கட்புல அளவீடு கிடைக்கும் வெடிப்பில் அதையும் அதே தாளில் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

எந்திரம் ஏன் திடீரென்று நின்றது என்பதற்கு மேக்னடார் கதையில் அழகான விடை இருக்கிறது. நமக்குத் தெரிந்த மிகக் கனமான நியூட்ரான் விண்மீன்கள் சூரியனைப் போல சுமார் இரண்டு மடங்கு நிறையுள்ளவை. அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டிய ஒன்று பிறந்தால், வேகமான சுழற்சியின் விசைதான் அதை இடிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும். சுழற்சி குறையக் குறைய தாங்குவதும் குறையும். ஒரு கட்டத்தில் தாங்காமல் கருந்துளையாக இடிந்துவிடும், காந்தப்புலத்துக்குப் பிடிமானம் போய்விடும், வெளிச்சம் நிற்கும். அப்படியானால் மேடையின் நீளம் என்பது அந்த விண்மீன் உயிரோடு இருந்த நேரம்.

முடிவைப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் கண் ஏமாறும். ஒன்று, ஸ்விஃப்ட் பூமியைச் சுற்ற ஏறக்குறைய 96 நிமிடம் எடுக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் பூமியே குறுக்கே வந்து மறைக்கும். அதனால் வளைவில் சில ஆயிரம் நொடிகளுக்கு ஒரு முறை வெற்றிடம் இருக்கும், மேடை முடிந்தது அந்த வெற்றிடத்துக்குள் என்றால் சரியான முடிவு நேரம் தெரியாது, இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் நடுவில் என்று ஒரு வரம்பாகத்தான் எழுத வேண்டும். மற்றது, சாய்வு என்பது எங்கிருந்து நேரத்தை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூஜ்யத்தைத் தள்ளி வைத்தால் சாய்வு குறையும். செங்குத்தான விழுதலை ஒப்பிடும்போது எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணினோம் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். வளைவில் திடீர் முட்டு மாதிரி எழும்பி அடங்கும் சிறு வெடிப்புகள் இருந்தால் அந்தப் புள்ளிகளை வேறு நிறத்தில் குறித்துக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், அவற்றை வைத்துக்கொண்டு கோடு பொருத்தினால் மேடையின் உயரம் தப்பாக வரும்.

இப்போது கணக்கு

மூன்று எண்கள் வேண்டும். மேடையின் பாயம், மேடையின் நீளம், செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு). இந்த வெடிப்புக்கு பாயம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு சுமார் 10⁻¹¹ எர்க், நீளம் 20,000 நொடி, செம்பெயர்ச்சி 2.352. கணக்கு தெளிவாகத் தெரிவதற்காக முதல் இரண்டையும் முழு எண்ணாக உருட்டியிருக்கிறேன், நீங்கள் கோப்பிலிருந்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

முதலில் நேரத்தைத் திருத்துங்கள். விரியும் அண்டத்தில் நமக்குத் தெரியும் நேரம் நீண்டு தெரியும் நேரம், அங்கே உண்மையில் ஓடிய நேரத்துக்கு 20,000-ஐ 1 கூட்டல் 2.352-ஆல், அதாவது 3.352-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 6,000 நொடி. இந்த வகுத்தலை மறப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு, விடை நம்பும்படியாகவே வருவதால் பிறகு கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஆகவே இதை முதல் வரியிலேயே செய்துவிடுங்கள்.

அடுத்து தூரம். இணையத்தில் வானியலாளர் நெட் ரைட் வைத்திருக்கும் அண்டவியல் கணிப்பானில் செம்பெயர்ச்சியைப் போட்டால் ஒளிர்வுத் தூரம் வரும். ஹபிள் மாறிலி 70, பொருளின் பங்கு 0.3 என்று வைத்தால் சுமார் 5.85 × 10²⁸ செ.மீ. அதன் வர்க்கத்தை 4 பையால் பெருக்கினால் 4.3 × 10⁵⁸. அதைப் பாயத்தால் பெருக்கினால் ஒளிர்வு, நொடிக்கு 4.3 × 10⁴⁷ எர்க். நிறமாலையின் வடிவத்துக்காக ஒரு சிறு திருத்தம் உண்டு, ஆனால் எக்ஸ்-கதிர் நிறமாலையின் அடுக்கெண் 2 பக்கம் இருந்தால் அந்தத் திருத்தம் 1-ஆகிவிடும், முதல் தடவைக்கு விட்டுவிடலாம்.

இனி சூத்திரம். 2001-ல் பிங் ஜாங், பீட்டர் மெசாரோஸ் இருவரும் கொடுத்த உறவுகளைத் திருப்பிப் போட்டால் இரண்டே வரி. ஒளிர்வை நொடிக்கு 10⁴⁹ எர்க் என்ற அலகிலும் நேரத்தை ஆயிரம் நொடி என்ற அலகிலும் எழுதிக்கொள்ளுங்கள். சுழற்சிக் காலத்தின் வர்க்கம் 2.05-ஐ ஒளிர்வு பெருக்கல் நேரத்தால் வகுத்தது, விடை மில்லிநொடியில். காந்தப்புலத்தின் வர்க்கம் 4.2-ஐ ஒளிர்வு பெருக்கல் நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, விடை 10¹⁵ காஸ் அலகில்.

நம் எண்கள்: ஒளிர்வு 0.043, நேரம் 6. சுழற்சிக்கு 2.05 வகுத்தல் 0.258, அதாவது 7.95, வர்க்கமூலம் எடுத்தால் 2.8 மில்லிநொடி. புலத்துக்கு 4.2 வகுத்தல் 1.55, அதாவது 2.7, வர்க்கமூலம் சுமார் 1.65, ஆக 1.65 × 10¹⁵ காஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மேக்னடார் என்ற யோசனைக்கு வேண்டியது மில்லிநொடிகளில் சுழற்சி, 10¹⁵ பக்கம் புலம். நாம் போட்டது வானத்தில் விழுந்த எக்ஸ்-கதிரின் அளவும் ஒரு கடிகாரமும் மட்டுமே. அதிலிருந்து இரண்டு எண்களும் சரியாக அந்த வட்டாரத்திலேயே வந்து நிற்கின்றன. நமக்குத் தெரிந்த மிக வேகமான பல்சார், டெர்சான் 5 விண்மீன் கொத்தில் இருப்பது, நொடிக்கு 716 சுற்று, அதாவது 1.4 மில்லிநொடி. நம் விடை அதைவிட மெதுவானதுதான், இயற்கையில் நடக்கக்கூடியதுதான்.

ஒரு நுணுக்கம். இந்த வெடிப்பில் மேடை முடிந்தது கஜானா தீர்ந்ததால் அல்ல, விண்மீன் இடிந்ததால். ஆகவே 6,000 நொடி என்பது கஜானா பாதியாகும் நேரத்துக்குக் கீழ் எல்லை. உண்மையான நேரம் அதைவிட நீளம் என்றால் சுழற்சிக் காலம், புலம் இரண்டுமே இன்னும் குறையும். எனவே 2.8-ஐயும் 1.65-ஐயும் மேல் எல்லைகளாகப் படிக்க வேண்டும். சாய்வு 2 தெளிவாகத் தெரியும் வெடிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே எண்ணோடு நிற்காதீர்கள்

மேலே செய்த கணக்கில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. இழந்த சுழற்சி ஆற்றல் முழுவதும் எக்ஸ்-கதிராக மாறியது என்பது ஒன்று, அந்த எக்ஸ்-கதிர் எல்லாத் திசையிலும் சமமாகப் போனது என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே திரும்பப் போடுங்கள்.

பத்தில் ஒரு பங்கு மட்டுமே எக்ஸ்-கதிரானது என்று வைத்தால் உண்மையான ஒளிர்வு பத்து மடங்கு, 0.43. சுழற்சி 0.89 மில்லிநொடி ஆகிறது, புலம் 0.52. 0.89 என்றால் எச்சரிக்கை மணி. நியூட்ரான் விண்மீன் மில்லிநொடிக்குக் கீழே போகப் போக அதன் நடுக்கோட்டுப் பகுதி பிய்த்துக்கொண்டு பறக்கும் எல்லையை நெருங்குகிறது. அடுத்து, கதிர் நூறில் ஒரு பங்கு வானத்துக்குள் குவிந்து வந்தது என்றும் சேர்த்து வைத்தால் ஒளிர்வு 0.0043. சுழற்சி 8.9 மில்லிநொடி, புலம் 5.2 × 10¹⁵. அதே தரவு, அதே சூத்திரம், பத்து மடங்கு வித்தியாசம்.

இதில் ஒரு அழகு இருக்கிறது, கவனித்தீர்களா? சுழற்சியும் புலமும் ஒளிர்வோடு ஒரே மாதிரி மாறுகின்றன. புலத்தைச் சுழற்சிக் காலத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.65 வகுத்தல் 2.8, 0.52 வகுத்தல் 0.89, 5.2 வகுத்தல் 8.9. மூன்றிலும் ஏறத்தாழ 0.58 அல்லது 0.59. ஏனென்றால் அந்த விகிதத்தில் ஒளிர்வே இல்லை, நேரம் மட்டும்தான்: 1.43-ஐ நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தது. பாயத்தில் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், எக்ஸ்-கதிராக மாறும் பங்கும் குவிவும் தெரியாவிட்டாலும், கடிகாரம் மட்டும் வைத்துப் புலத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவைப் பிடித்துவிடலாம். சுழற்சியை ஒரு அச்சிலும் புலத்தை மறு அச்சிலும் வைத்து மடக்கைத் தாளில் குறித்தால் உங்கள் மூன்று புள்ளிகளும் ஒரே சாய்கோட்டில் உட்காரும். நான் எந்த வெடிப்புக்கும் ஒற்றைப் புள்ளி குறிப்பதில்லை, அந்தக் கோட்டுத் துண்டைத்தான் வரைகிறேன். அதன் ஒரு முனை பிய்ந்து போகும் எல்லையிலும் மறு முனை 10¹⁶ காஸுக்கு மேலும் போய் முட்டும், நடுவில் எவ்வளவு நியாயமான இடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் மேக்னடார் விளக்கத்தின் பலம்.

அடுத்தது வரவு செலவு. மேடையின் ஒளிர்வை நேரத்தால் பெருக்குங்கள்: 4.3 × 10⁴⁷ பெருக்கல் 6,000, அதாவது 2.6 × 10⁵¹ எர்க். கஜானாவின் உச்ச அளவு 10⁵² சில மடங்கு, ஆக மேடைக்குத் தாங்கும். ஆனால் மேடையோடு நிறுத்தாமல் காமா கதிர் வெடிப்பின் ஆற்றல், பின்னொளியின் ஆற்றல் எல்லாவற்றையும் குவிவுக்குத் திருத்தி ஒன்றாகக் கூட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து அந்த உச்ச அளவுக்கு மேல் போய்விட்டால் மேக்னடார் கதை அங்கேயே முடிந்தது, கருந்துளைதான் வழி. 2022 அக்டோபர் 9 அன்று வந்த ஜிஆர்பி 221009A எல்லாத் திசையிலும் சமம் என்று வைத்தால் 10⁵⁵ எர்க் வரை போகும் அரக்கன், அந்த மாதிரி வெடிப்புகளில் குவிவுத் திருத்தம் எவ்வளவு என்பதே முழு வழக்கையும் தீர்மானிக்கும்.

சாய்வையே கொஞ்சம் கூர்ந்து அளக்க முடிந்தால் இன்னொரு பரிசும் உண்டு. விண்மீன் காந்தக் கதிர்வீச்சால் மட்டும் மெதுவானால் தடை எண் என்ற அளவு (சுழற்சி எந்த விதத்தில் குறைகிறது என்பதைக் காட்டும் எண்) 3, ஈர்ப்பு அலைகளை உமிழ்ந்து மெதுவானால் 5. மேடைக்குப் பிறகான சாய்வு முதல் வகையில் 2, இரண்டாம் வகையில் 1. ஜிஆர்பி 130603B-யின் வளைவிலிருந்து இந்த எண் 2.9 என்றும் ஜிஆர்பி 140903A-விலிருந்து 2.6 என்றும் 2017-ல் கிடைத்தது. 3-க்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்கு இன்றும் சிலிர்ப்புத் தரும் விஷயம். இவை இரண்டும் குறுகிய வெடிப்புகள், அதாவது நியூட்ரான் விண்மீன் மோதலில் பிறந்தவை.

குறுகிய வெடிப்புகளைப் பற்றிச் சொல்லும்போது ஜிஆர்பி 090515-ஐ விட முடியாது. 2009 மே 15. காமா கதிர் வெறும் 0.036 நொடி. அதாவது கண்ணிமைக்கும் நேரத்தைவிடவும் குறைவு. ஆனால் எக்ஸ்-கதிர் இருநூறு நொடிக்கு மேல் மேடையாக நின்று பிறகு செங்குத்தாக விழுந்தது. மோதலில் நேராகக் கருந்துளை பிறந்திருந்தால் சுற்றி மிச்சமிருக்கும் வட்டு மிகச் சீக்கிரமே விழுங்கப்பட்டுவிடும், அந்த இருநூறு நொடிக்கு எரிபொருள் எங்கே என்ற கேள்வி எழும். இதன் வளைவையும் இறக்கிப் பாருங்கள். உறுதியான செம்பெயர்ச்சி இல்லாததால் ஒளிர்வு கணக்கு அனுமானத்தில்தான் நிற்கும், ஆனால் மேடையும் விழுதலும் எந்தத் தூரத்தில் இருந்தாலும் அதே உருவம்தான்.

நீண்ட வெடிப்புகளில் கூடுதல் சாட்சி தேட வேண்டிய இடம் சூப்பர்நோவா. ஜிஆர்பி 111209A பல மணி நேரம் நீடித்த அபூர்வ வெடிப்பு. அதோடு வந்த சூப்பர்நோவா 2011கேஎல், காமா கதிர் வெடிப்புகளோடு வழக்கமாக வருபவற்றைவிட மிகப் பிரகாசமாக இருந்தது. கதிரியக்க நிக்கல் சிதைவை மட்டும் வைத்து அந்தப் பிரகாசத்தை விளக்க முடியவில்லை, உள்ளே ஒரு மேக்னடார் தொடர்ந்து சூடேற்றியது என்று 2015-ல் யோஹென் கிரைனரும் குழுவினரும் வாதிட்டார்கள். எக்ஸ்-கதிர் வளைவும் சூப்பர்நோவாவும் தனித்தனியாக ஒரே புலத்தையும் சுழற்சியையும் கேட்டால் அதற்கு மதிப்பு தனி.

ஈர்ப்பு அலை வழியும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பு அலை வந்த 1.7 நொடியில் காமா கதிரும் வந்தது. மோதலுக்குப் பிறகு அங்கே மிச்சம் இருந்தது எவ்வளவு நேரம் நியூட்ரான் விண்மீனாக நின்றது என்பதை ஈர்ப்பு அலையிலேயே கேட்டுவிட முடியுமா என்று தேடினார்கள், மோதலுக்குப் பிந்தைய அதிர்வைப் பிடிக்கும் அளவுக்கு அன்றைய கருவிகளின் உணர்திறன் போதவில்லை. அது பிடிபடும் நாள்வரை எக்ஸ்-கதிர் வளைவுதான் நம் கையில் இருக்கும் முக்கியமான தடயம்.

பழகுவதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஜிஆர்பி 070110-ஐயும் ஜிஆர்பி 060729-ஐயும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரையுங்கள். இரண்டாவதன் செம்பெயர்ச்சி 0.54, அதன் எக்ஸ்-கதிரை ஸ்விஃப்ட் நான்கு மாதத்துக்கும் மேல் விடாமல் பார்த்தது, பிறகு சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி 600 நாட்களுக்கும் மேல் வரை தொடர்ந்தது. மேடை அங்கே அரை நாளுக்கும் மேல் நீள்கிறது, ஆனால் முடிவில் விளக்கு அணைவதில்லை, நிதானமாக இறங்குகிறது. நேரத்தை 1.54-ஆல் வகுங்கள், ஆயிரம் நொடி அலகில் எழுதுங்கள், 1.43-ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்துப் புலத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். மேடையின் முடிவை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 0.23, 0.24 பக்கம் வரும். பிறகு இரண்டு வெடிப்பின் கோட்டுத் துண்டுகளையும் சுழற்சி, புலம் தாளில் குறித்து, எது உள் எந்திரத்தின் நேரடி ஒளி, எது மேக்னடார் இல்லாமலும் விளக்கிவிடக்கூடிய பின்னொளி என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.